மோட்டாருக்கு எர்த் இருந்தால் மட்டும் போதுமா?

அருவங்காடு, கேத்தி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு பயிரிடும் விவசாயிகளின் பம்ப் ஷெட்டுகளுக்குள் எலெக்ட்ரானிக் சாதனங்கள் பல வந்துவிட்டன. செல்போனில் ஓடும் ஸ்டார்ட்டர், தொட்டி நிரம்பியதும் தானே நிற்கும் கருவி, சூரிய ஒளி பம்ப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் ஆகியவை அவற்றுள் சில. தேயிலைச் சிறு விவசாயி இலை கொடுக்கும் இடத்தில் எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. இலை போய்ச் சேரும் ஆலையில் கலர் சார்ட்டர் ஓடுகிறது.

இவற்றோடு இரண்டு தொல்லைகளும் வந்துள்ளன. ஒன்று, இடி இடித்த மறுநாள் ஸ்டார்ட்டரின் கார்டு எரிந்து கிடக்கிறது. மற்றொன்று, எர்த் கம்பி போட்டிருந்தும் மோட்டாரையோ குழாயையோ தொட்டால் ஷாக் அடிக்கிறது. முதலாவது பணத்தைத் தின்கிறது. இரண்டாவது உயிரைத் தின்கிறது. இரண்டும் வேறு வேறு கோளாறுகளாகத் தோன்றினாலும் அடிப்படைக் காரணம் ஒன்றே. அருகருகே உள்ள இரண்டு உலோகப் பாகங்கள் வெவ்வேறு மின் அழுத்தத்தில் இருப்பதுதான் அது. இந்த வேறுபாட்டை எர்த் குழி மட்டும் போக்கிவிடாது. உலோகப் பாகங்களை ஒன்றோடொன்று இணைத்தால்தான் அது போகும். இந்த இணைப்பைப் பற்றி விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைக் கீழே காணலாம்.

அருவங்காட்டில் நூற்றாண்டுப் பாடம்

அருவங்காட்டில் உள்ள வெடிமருந்து ஆலையை அறியாதவர் இம்மாவட்டத்தில் இல்லை. கார்டைட் என்னும் புகையில்லா வெடிமருந்து செய்வதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட ஆலை இது. 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் உள்ளது. இந்த ஆலைக்கு மின்சாரம் கொடுப்பதற்காகவே காட்டேரி அருவித் தண்ணீரைக் கொண்டு மின் நிலையம் அமைக்கப்பட்டது. பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கிய 1932ஆம் ஆண்டுக்கு முன்பே நடந்த காரியம் இது.

வெடிமருந்து செய்யும் ஆலைகளுக்கு மின்சாரக் கம்பியைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பனிக்காலத்து இரவில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்குமே, அந்த உராய்வு மின்சாரம்தான் அது. காய்ந்த குளிர்காற்றில் நடந்து செல்லும் மனிதரின் உடம்பில் சில ஆயிரம் வோல்ட் ஏறிவிடும். நமக்கு அது ஒரு சுண்டல். வெடிமருந்துத் தூளுக்கு அதுவே தீக்குச்சி.

ஆகவே இத்தகைய ஆலைகளில் உலகெங்கும் ஒரே முறையைக் கையாளுகிறார்கள். இயந்திரம், மேசை, தொட்டி, குழாய், கதவு என ஒவ்வொரு உலோகப் பொருளையும் கம்பியாலோ பட்டையாலோ ஒன்றோடொன்று இணைத்து, பிறகு எர்த் செய்கிறார்கள். தரையும் தொழிலாளியின் செருப்பும்கூட மின்சாரம் கசிந்து போகும் பொருளால் செய்யப்படுகின்றன. எல்லாம் ஒரே மின் அழுத்தத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொறி தாவாது என்பதே தத்துவம். பம்ப் ஷெட்டுக்கும் தேயிலை ஆலைக்கும் வேண்டியது இதே தத்துவம்தான். அளவுதான் வேறு.

எர்த் குழி எவ்வளவு காப்பாற்றும்?

மோட்டாரின் காயிலில் இன்சுலேஷன் கெட்டு, ஒரு பேஸ் மோட்டாரின் பாடியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் எர்த் கம்பி வழியாக மண்ணில் இறங்கி, மண் வழியாகவே டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்குத் திரும்பிப் போகும். அவ்வாறு நிறைய ஆம்பியர் ஓடினால் ஃபியூஸ் உருகி லைன் துண்டிக்கப்படும். இந்த நம்பிக்கையில்தான் எர்த் போடுகிறோம்.

ஆனால் மண்ணும் ஒரு தடை. நல்ல ஈரமான சாதாரண மண்ணில் 3 மீட்டர் குழாய் ஒன்றை இறக்கினால் அதன் தடை ஏறக்குறைய 30 ஓம் இருக்கும். டிரான்ஸ்பார்மர் எர்த்தின் தடை 5 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டை 35 ஓமால் வகுத்தால் 7 ஆம்பியர்கூட வராது. 15 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு உருகாது. ஃபியூஸ் உருகாதவரை மோட்டார் பாடியில் 200 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக மின் அழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். எர்த் கம்பி போட்டிருக்கிறது; மோட்டாரும் ஓடுகிறது; தொட்டவர் விழுகிறார். எர்த் இருந்தும் விபத்து நேர்வது இவ்வாறுதான்.

மலை மண்ணில் நிலைமை இன்னும் மோசம். மேலே இரண்டு முழம் செம்மண், அதற்குக் கீழே பாறை என்று இருக்கும் இடங்களில், காய்ந்த மாதங்களில் அதே 3 மீட்டர் குழாயின் தடை 300 ஓம் வரைகூடப் போகலாம். அப்போது ஓடும் மின்சாரம் முக்கால் ஆம்பியர்தான். எந்த ஃபியூஸும் இதைக் கண்டுகொள்ளாது.

ஆகவே எர்த் குழியோடு இன்னும் இரண்டு பாதுகாப்புகள் வேண்டும். ஒன்று, மின் கசிவைக் கண்டு லைனைத் துண்டிக்கும் கருவி. கடைகளில் ஈ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் சொல்கிறார்கள். மற்றொன்று, உலோகப் பாகங்களை ஒன்றாக இணைக்கும் சமநிலை இணைப்பு.

மின் கசிவுக் கருவியின் பயனைக் கணக்கிட்டே பார்க்கலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவியைப் பொருத்தியிருந்தால், எர்த்தின் தடை 300 ஓமாக இருந்தாலும் பாடியில் 9 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் நிலைத்து நிற்காது. அதற்கு மேல் போகுமுன் கருவி விழுந்துவிடும். மோசமான மண்ணுக்கு இதைவிடச் சிறந்த துணை இல்லை. மூன்று பேஸ் மோட்டாருக்கு அதற்கென்றே உள்ள கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாத கருவி இருந்தும் இல்லாததே.

பாத்தியும் மின்சாரமும்

சமநிலை இணைப்பைப் புரிந்துகொள்ள நம் பாத்திகளையே பார்க்கலாம். மேல் பாத்திக்கும் கீழ்ப் பாத்திக்கும் மட்டம் வேறாக இருந்தால் வரப்பில் சிறு ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் பாயும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் வரப்பையே வெட்டிவிட்டாலும் தண்ணீர் பாயாது. இரண்டு பாத்தியிலும் நீர்மட்டம் சேர்ந்து உயர்ந்தாலும் சரி, சேர்ந்து தாழ்ந்தாலும் சரி, இடையில் ஓட்டம் இல்லை.

மின்சாரமும் அப்படியே. கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனெனில் அதன் இரண்டு கால்களும் ஒரே அழுத்தத்தில் உள்ளன. ஒரு கை ஸ்டார்ட்டர் பெட்டியிலும் மற்றொரு கை இரும்புக் குழாயிலும் இருக்கும் விவசாயியின் நிலை வேறு. பெட்டியில் கசிவு, குழாய் மண்ணில் என்றால் அவருடைய மார்பு வழியாகத்தான் மின்சாரம் பாயும். பெட்டியையும் குழாயையும் ஒரு தடித்த கம்பியால் இணைத்துவிட்டால் இரண்டின் மட்டமும் ஒன்றாகிறது. இரண்டு கைக்கும் இடையே ஓட்டம் இராது.

மாடுகளுக்கு இது மிகவும் முக்கியம். மரத்தின் அருகே இடி விழும்போது அடியில் நின்ற மனிதர் சில சமயம் தப்புகிறார்; மாடு சாகிறது. மரத்தைச் சுற்றித் தரையில் மின் அழுத்தம் அடிக்கு அடி வேறுபடுவதே காரணம். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் அதிகம். வேறுபாடும் அதிகம். அந்த ஓட்டம் இதயத்தின் வழியே செல்கிறது. இடி இல்லாத நாளிலும் கொட்டிலில் கசிவு இருந்தால் மாடு முதலில் உணரும். தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்ததும் மாடு பின்வாங்கினாலோ, கறவை நேரத்தில் காரணமின்றிக் காலை உதறினாலோ, நோயைத் தேடுவதோடு வயரிங்கையும் சோதிக்க வேண்டும். கொட்டிலில் இரும்புத் தடுப்பு, தண்ணீர்க் குழாய், கறவை இயந்திரம் ஆகியவற்றை ஒன்றாக இணைப்பது நல்லது. புதிதாகத் தளம் போடுபவர்கள் சிமெண்டுக்குள் இரும்பு வலையைப் பதித்து அதையும் சேர்த்து இணைத்துவிட வேண்டும்.

பம்ப் ஷெட்டில் செய்யும் முறை

1. ஷெட்டின் சுவரில், ஈரம் படாத உயரத்தில், துளைகள் போட்ட செம்பு அல்லது ஜி.ஐ. பட்டை ஒன்றைப் பொருத்தவும். இதுவே தலைமை எர்த் பட்டை. எல்லாக் கம்பிகளும் இங்கேதான் வந்து சேர வேண்டும்.

2. மோட்டார் பாடியிலிருந்து இரண்டு தனித்தனிக் கம்பிகளைப் பட்டைக்குக் கொண்டுவரவும். 8 கேஜ் ஜி.ஐ. கம்பி போதுமானது. ஒன்று துருப்பிடித்து அறுந்தாலும் மற்றொன்று காக்கும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே சொல்லப்பட்ட இந்த இரட்டை இணைப்பு இன்றைய பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது.

3. ஸ்டார்ட்டர் பெட்டி, மெயின் சுவிட்ச், இரும்பு உறிஞ்சு குழாய், வெளியேற்றும் குழாய், இரும்புக் கதவு, கூரையின் இரும்புச் சட்டம், சூரிய ஒளித் தகடுகளின் தாங்கி ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பியைப் பட்டைக்கு இழுக்கவும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாகக் கோர்க்க வேண்டாம். நடுவில் ஒன்றைக் கழற்றினால் அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் அனாதையாகிவிடும்.

4. பட்டையிலிருந்து எர்த் குழிக்கு இரண்டு கம்பிகள் செல்ல வேண்டும். முடிந்தால் இரண்டு குழிகள் போட்டு, அவற்றையும் ஒன்றோடொன்று இணைக்கவும். 3 மீட்டர் குழாய்களுக்கு இடையே 6 மீட்டராவது இடைவெளி வேண்டும். நெருக்கிப் போட்டால் இரண்டாவது குழியால் பெரிய பலன் இல்லை.

5. இணைக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, வாஷர் போட்டு போல்ட்டால் முடுக்க வேண்டும். கம்பியை வெறுமனே முறுக்கிச் சுற்றுவது இணைப்பு ஆகாது. முடுக்கிய பின் மேலே கிரீஸ் தடவவும்.

பாறை குறுக்கிட்டு ஆழமாகத் தோண்ட முடியாத இடத்தில் மனம் தளர வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில், அரை மீட்டர் ஆழத்துக்கு நீள வாய்க்கால் வெட்டி, 15 மீட்டருக்குக் குறையாமல் ஜி.ஐ. பட்டையைப் படுக்கை வசமாகப் புதைக்கலாம். ஒரே மாதிரியான மண்ணில் 3 மீட்டர் குழாயை விட இதன் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் குறையும். மேலும் மேல்மண்ணின் ஈரம் இதற்குக் கிடைக்கும். சரிவின் போக்கிலேயே வெட்டினால் மழைநீர் அந்த வழியே இறங்கி மண்ணை அரிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

குழியில் கரியும் உப்பும் போடுவது பழைய வழக்கம். உப்பு தடையைக் குறைப்பது உண்மை. ஆனால் நீலகிரி மழையில் அது விரைவில் கரைந்து போய்விடும். இருக்கும்வரை குழாயை அரிக்கும். பக்கத்துப் பயிரின் வேருக்கும் கேடு. அதற்குப் பதில் பெண்டோனைட் களிமண்ணைக் குழைத்து நிரப்பினால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை. முன்பு கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் குழாயே பல இடங்களில் மறைமுகமாக எர்த் வேலையைச் செய்து வந்தது. அதை மாற்றி எச்.டி.பி.இ. குழாய் போட்டவர்கள் தம்மை அறியாமலே அந்த எர்த்தை இழந்திருப்பார்கள். குழாய் மாற்றியவர்கள் எர்த்தை மறுபடி சோதிப்பது கட்டாயம்.

கார்டு ஏன் எரிகிறது?

இப்போது எலெக்ட்ரானிக் கார்டுக்கு வருவோம். மேட்டில் உள்ள தொட்டியிலிருந்து பள்ளத்தில் உள்ள ஸ்டார்ட்டருக்கு மெல்லிய சென்சார் கம்பி வருகிறது. தொட்டியின் அருகே ஒரு எர்த், ஷெட்டின் அருகே ஒரு எர்த். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்தில் இடி விழுந்து 10,000 ஆம்பியர் மண்ணில் இறங்குகிறது என்று கொள்வோம். 30 ஓம் தடையில் அது 3 லட்சம் வோல்ட் எழுப்பும். தொட்டிப் பக்கத்து மண் ஒரு மட்டத்திலும் ஷெட் பக்கத்து மண் வேறு மட்டத்திலும் நிற்கும். அந்த இரண்டு மட்டத்தையும் சமன் செய்ய மின்சாரத்துக்குக் கிடைத்த ஒரே வழி அந்தச் சென்சார் கம்பிதான். அதன் முனையில் இருப்பது 5 வோல்ட்டில் வேலை செய்யும் கார்டு. அது என்ன செய்யும்? எரியத்தான் செய்யும். இடி நேராக ஷெட்டின் மேல் விழ வேண்டிய அவசியமே இல்லை.

இதனால் சிலர் எலெக்ட்ரானிக் சாதனத்துக்கு 'சுத்தமான எர்த்' வேண்டும் என்று சொல்லி, மற்றவற்றோடு சேராத ஒரு தனிக் குழியைத் தோண்டுகிறார்கள். இது ஆபத்தான யோசனை. ஒரே ஷெட்டுக்குள் இரண்டு மட்டங்களை நாமே உண்டாக்கி, நடுவில் கார்டை உட்கார வைப்பதாகும் இது. மோட்டார் பாடியில் ஒரு கையும் கார்டுப் பெட்டியில் ஒரு கையும் வைப்பவருக்கும் இது ஆபத்து. எலெக்ட்ரானிக் சாதனத்துக்குத் தனியாக ஒரு கம்பி இழுக்கலாம். ஆனால் அது வந்து சேர வேண்டிய இடம் அதே தலைமை எர்த் பட்டைதான். தனிக் கம்பி சரி. தனிக் குழி தவறு. எலெக்ட்ரீஷியனிடம் சொல்ல இந்த ஒரு வாக்கியம் போதும்.

இதோடு எஸ்.பி.டி. எனப்படும் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றை மெயின் சுவிட்சுக்கு அருகே பொருத்த வேண்டும். அதிலிருந்து எர்த் பட்டைக்குச் செல்லும் கம்பி கூடிய மட்டும் குட்டையாக, வளைவு நெளிவு இல்லாமல் இருக்க வேண்டும். சென்சார் கம்பிக்கும் அதற்கென உள்ள தடுப்பான் உண்டு. தொட்டி வெகு தொலைவில் இருந்தால் கம்பியே இல்லாமல் ரேடியோ மூலம் செய்தி அனுப்பும் சென்சாரே மேல். கம்பி இல்லாவிட்டால் இரண்டு மட்டங்களுக்கும் இடையே பாதையே இல்லை. இடி இடிக்கும் அறிகுறி தெரிந்ததும் லைனை அணைப்பதோடு சென்சார் கம்பியின் பிளக்கையும் பிடுங்கிவிடுவது எல்லாவற்றிலும் மலிவான பாதுகாப்பு. இடி தொடங்கிய பிறகு அதைத் தொடப் போகக் கூடாது.

டிரைவும் தேயிலை ஆலையும்

மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ், மின்சாரத்தை ஒரு வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வேகமான மின்சாரத்துக்கு நீளமான மெல்லிய எர்த் கம்பி பெரிய தடை. ஓம் மீட்டரில் பார்த்தால் தடையே இல்லாத ஒரு மீட்டர் கம்பி, வினாடிக்குப் பத்து லட்சம் முறை துடிக்கும் மின்சாரத்துக்கு 6 ஓம் அளவுக்குத் தடை காட்டும். எனவே டிரைவின் எர்த் இணைப்பு குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். பின்னிய செம்புப் பட்டை இதற்கு ஏற்றது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே உலோக உறை போட்ட கேபிள் போட்டு, அந்த உறையை இரண்டு முனையிலும் கிளாம்ப் வைத்துப் பாடியோடு இறுக்க வேண்டும். இவ்வாறு செய்யாவிட்டால் அந்தத் துடிப்பு மோட்டாரின் பேரிங் வழியாகப் போய் பேரிங்கைத் தின்னும். அருகில் உள்ள சென்சாரையும் குழப்பும். டிரைவ் உள்ள இடத்தில் சாதாரண மின் கசிவுக் கருவி அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. டிரைவுக்கு ஏற்ற வகை தனியாக உள்ளது.

நீலகிரியின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளில் அங்கத்தினராக உள்ள சிறு விவசாயிகள் இதைத் தம் ஆலைக்குச் சம்பந்தப்பட்டதாகவும் கருத வேண்டும். இலை வாட்டும் தொட்டிகளின் காற்றாடி, உலர்த்தும் இயந்திரம் முதலியவற்றில் டிரைவ் வைக்கலாம். கலர் சார்ட்டரில் நுண்ணிய கேமராக்கள் உள்ளன. தேயிலைத் தூளே உராய்வில் மின்னேற்றம் பெறும் பொருள். அந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான் உருளைகளைக் கொண்டு நாரைப் பிரித்தெடுக்கிறார்கள். அதே மின்னேற்றம் எர்த் இல்லாத புனலிலோ குழாயிலோ சேர்ந்தால் அங்கே நிற்பவரைச் சுண்டும், கார்டையும் கெடுக்கும். ஆகவே சார்ட்டர், காற்றுக் கம்ப்ரெஸர், தூள் செல்லும் உலோகக் குழாய்கள் அனைத்தும் ஒரே பட்டையில் சேர வேண்டும்.

கார்டு எரிந்து ஆலை இரண்டு நாள் நின்றால் நஷ்டம் ஆலைக்கு மட்டும் அல்ல. பறித்த பச்சைத் தேயிலை காத்திருக்காது; கூடையில் சூடேறிச் சிவந்துபோகும். தராசிலும் இதே கவனம் வேண்டும். எடை காட்டும் எண் நிலைகொள்ளாமல் ஆடினால், தராசின் எர்த்தையும், அதன் கேபிள் மோட்டார் கேபிளோடு ஒட்டிச் செல்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்வதற்கு இலை கொடுப்பவருக்கு உரிமை உண்டு. ஆலையின் பொதுக்குழுக் கூட்டத்தில், 'இந்த ஆண்டு எர்த் சோதனை நடந்ததா, எத்தனை ஓம் வந்தது?' என்று கேட்பதும் பயனுள்ள கேள்வியே.

இணைக்கக் கூடாத ஒன்று

எல்லாவற்றையும் இணைக்க வேண்டும் என்று சொன்னதற்கு முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. காட்டுப்பன்றி, காட்டெருமை, யானைக்காகப் போடும் சூரிய மின்வேலிதான் அது. வேலியின் பெட்டி விட்டு விட்டுச் சில ஆயிரம் வோல்ட் துடிப்பைக் கம்பிக்கு அனுப்புகிறது. விலங்கின் உடம்பு வழியே மண்ணுக்கு வரும் அத்துடிப்பு, பெட்டியின் எர்த் வழியாகத்தான் திரும்பி வருகிறது. அந்த எர்த்தை ஷெட் எர்த்தோடு சேர்த்தால் வேலியின் துடிப்பு ஷெட்டுக்குள் வரும். ஆகவே வேலியின் எர்த், மின் இணைப்பின் எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளித் தனியாக இருக்க வேண்டும்.

வேலிக்கு நேரடியாக லைன் மின்சாரம் கொடுப்பது சட்டப்படிக் குற்றம், உயிர்க்கொலையும் ஆகும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அவ்வாறு மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. வேலி போடும் முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து, உரிய அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் பாடியை நியூட்ரலோடு இணைக்கக் கூடாது. எங்கோ போஸ்ட்டில் நியூட்ரல் அறுந்தால் பாடி முழுவதும் 230 வோல்ட் ஏறும்.

எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்தி ஷெட்டில் பல்பு எரிப்பதும், செல்போன் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் எடுப்பதும் கூடாது. அந்த மின்சாரம் எந்நேரமும் எர்த் கம்பி வழியே ஓடும். குழியில் கம்பி அறுந்தால் பட்டையில் இணைத்த அத்தனை உலோகத்திலும் ஷாக் அடிக்கும். நியூட்ரல் இல்லாத மூன்று பேஸ் லைனுக்கு, இரண்டு பேஸ்களிலிருந்து வேலை செய்யும் ஸ்டார்ட்டரைக் கேட்டு வாங்க வேண்டும்.

பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பு போட்டு, 'பளிச்சென்று எரிகிறது, எர்த் நன்றாக இருக்கிறது' என்று சொல்வதை நம்ப வேண்டாம். 100 வாட் குண்டு பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டியதில்லை. 30 ஓம் எர்த்திலும் அது நன்றாகவே எரியும். எல்.இ.டி. பல்பு ஆயிரம் ஓமிலும் எரியும். எர்த் டெஸ்டர் என்ற கருவியால் ஓம் கணக்கில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

எப்போது, யாரைக் கொண்டு?

எர்த்தைச் சோதிக்க ஏற்ற காலம் மழை இல்லாத பிப்ரவரி, மார்ச் மாதங்கள். மண் காய்ந்திருக்கும்போது நல்ல அளவு வந்தால் ஆண்டு முழுவதும் நன்றாக இருக்கும். மழையில் அளந்து திருப்தி அடைவது ஏமாற்று வேலை. கோடை இடிமழை தொடங்குமுன் குறைகளைச் சரி செய்துவிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் போல்ட்டுகளை மறுபடி முடுக்கி, துருவைப் பார்க்க வேண்டும். அளந்த தேதியையும் ஓம் அளவையும் ஷெட்டின் சுவரிலேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம். அடுத்த ஆண்டு அளவு கூடியிருந்தால் உடனே தெரியும்.

இந்த வேலைகளை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டே செய்ய வேண்டும். லைனை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கை வைக்க வேண்டும். எர்த் பற்றிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3043 ஆகும், அதன்படி செய்து தரும்படி அவரிடம் கேட்கலாம். டிரான்ஸ்பார்மரின் எர்த்திலோ போஸ்ட்டின் நியூட்ரலிலோ குறை தெரிந்தால், மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும்.

ஒரு பட்டை, சில மீட்டர் கம்பி, பத்துப் பதினைந்து போல்ட், ஒரு மின் கசிவுக் கருவி ஆகியவையே இதற்கு முக்கியமாக வேண்டியவை. ஷெட்டுக்குப் போய், ஸ்டார்ட்டர் பெட்டியும் இரும்புக் குழாயும் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கண்ணால் மட்டும் பார்த்து வாருங்கள். இணைப்பு இல்லை என்றால், எலெக்ட்ரீஷியன் வந்து செய்து முடிக்கும்வரை இரண்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம் என்று வீட்டில் உள்ள அனைவரிடமும் சொல்லிவிடுங்கள்.